சைடு வீல் கடையும் முதல் பக்கமும்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே கையைத் தூக்குகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்து போவார்கள். ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சியில் இந்திராணி என்றொருத்தி சைடு வீல் கடை வைத்திருந்தாள். கால் வராதவர்கள் ஸ்கூட்டர் ஓட்டுவதற்காகப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் மாட்டும் கூடுதல் சக்கரம்தான் சைடு வீல். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன இந்திராணி, தனக்கென்று ஒன்று செய்துகொண்டதில் ஆரம்பித்த தொழில் அது. வருகிறவரை வண்டியில் உட்காரவைத்து, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சக்கரத்தின் உயரத்தை அமைப்பாள். அளவெடுக்காமல் யாருக்கும் மாட்டமாட்டாள். அவசரப்படுகிறவர்கள் மேல் வள்ளென்று விழுவாள்.

ஆனால் போனில் "சைடு வீல்" என்று தேடினால் அவள் கடை எங்கோ கடைசியில் கிடந்தது. முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள், ஆளைப் பார்க்காமலே பார்சலில் சக்கரம் அனுப்பும் ஏஜெண்டுகள். அப்படி வாங்கி மாட்டிய கல்லூரிப் பெண்ணொருத்தி, வளைவில் கவிழ்ந்து கையை முறித்துக்கொண்ட பிறகு இந்திராணியிடம் வந்து சேர்ந்தாள். "இப்படி ஒரு கடை இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க அக்கா" என்று அவள் சொன்னது இந்திராணிக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் பக்கத்துக்கு வந்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்ட ரெஜினா வழி சொன்னாள். "நம்மளப் பத்தி நாமளே எழுதுனா தேடல்ல பெருசா எடுபடாதுங்க அக்கா. பத்திரிகைக்காரங்க அவங்க தளத்துல செய்தி போட்டு, நம்ம கடைக்கு இணைப்புக் குடுத்தா மேல ஏறலாம். அதுக்குச் செய்திக்குறிப்பு அனுப்போணும். அனுப்பறதுக்கு மொதல்ல ஒரு செய்தி வேணுமே?"

இந்திராணி செய்தியை உண்டாக்கினாள். மைதானத்தில் இலவச அளவெடுப்பு முகாம் நடத்தினாள். வருகிறவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் மாட்டிக்கொள்ளலாம். செய்திக்குறிப்பை எழுதியவன் அவள் தம்பி தவமணி. எழுதுகிற ஜோரில், "தமிழகத்திலேயே முதன்முறையாக" என்று தலைப்பில் ஒரு போடு போட்டான். ஊரில் எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டதுதான், விசாரித்துப் போட்டதல்ல. நிருபர்கள் முகாமுக்கு வந்தார்கள், படம் எடுத்தார்கள், நெகிழ்ந்தும் போனார்கள். தலைப்பை மட்டும் தவமணி எழுதியபடியே போட்டு, இணைப்பும் கொடுத்தார்கள்.

கடை மெல்ல மேலேறி முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. புதிதாக வந்தவர்களிடம் எப்படித் தேடினீர்கள் என்று ரெஜினா கேட்டுவைத்தாள். சைடு வீல் என்று தேடியவர்கள் இருந்தார்கள், சாயாத ஸ்கூட்டர் என்று தேடியவர்களும் இருந்தார்கள். முதன்முறை என்று தேடி வந்தவர் ஒருவருமில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் தேனியிலிருந்து ஷேக் மைதீன் என்பவர் போன் செய்தார்.

"நானும் ஆள உக்கார வச்சு அளவெடுத்துத்தாம்மா மாட்டுறேன். வருசக்கணக்கா முகாமும் போட்டுக்கிட்டிருக்கேன். இப்பக் கடைக்கு வர்றவுக, பொள்ளாச்சிக்காரவுகளப் பாத்து ஆரம்பிச்சீகளான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

மனுஷர் கோபமே இல்லாமல் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்திராணியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

தவமணி பிடிவாதமாகச் சொன்னான்: "அப்படியே விட்டுருக்கா. திருத்தச் சொன்னா பத்திரிகைக்காரங்க கடுப்பாகிச் செய்தியவே எடுத்துருவாங்க. இணைப்பு போயிரும், நாமளும் கீழ போயிருவோம். மறுபடி எவளாவது ஏஜெண்டுகிட்ட வாங்கிக் கைய ஒடச்சுக்கிட்டா யாரு பொறுப்பு?"

ரெஜினா நடுவழி பார்த்தாள்: "நம்ம தளத்துலயும் முதன்முறைன்னு போட்டிருக்கமே, அந்த வார்த்தைய மட்டும் சத்தமில்லாம எடுத்துருவோம். பத்திரிகைல இருக்கறது அவங்க பாடு."

"எல்லா நிருபருக்கும் எழுதுவோம்" என்றாள் இந்திராணி. "நாங்க தப்பாச் சொல்லிட்டோம், தேனிக்காரரு எங்களுக்கு முன்னாடியே செய்யறாருன்னு. அவரு கடைப் பேரையும் போடு."

தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. முறிந்த கையைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, பொய்யை அப்படியே விட்டுவைக்கச் சொன்ன தவமணி, மறைக்கச் சொன்ன ரெஜினா, ஒப்புக்கொள்ளச் சொன்ன இந்திராணி. இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: இந்திராணி சொன்னதுதான். அந்த ஒரு சொல்லைத் தேடி யாரும் வரவில்லை. கடையை மேலே தூக்கியது பத்திரிகைகள் வைத்த நம்பிக்கை. ஷேக் மைதீன் ஒரு நிருபரைக் கூப்பிட்டிருந்தால் போதும், முகாமே பொய் என்றாகி, எல்லா இணைப்பும் போயிருக்கும். தவமணியின் வழியில் போனால் ஏஜெண்டுகளுக்குத்தான் லாபம். ரெஜினாவின் வழி அதைவிட மோசம். சத்தமில்லாமல் எடுத்ததே, பொய்யென்று தெரிந்தே பத்திரிகையில் விட்டுவைத்தார்கள் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும். சரி, நல்லபடியாக முடிந்ததா என்றால், முழுக்க இல்லை. சில பத்திரிகைகள் திருத்தின, ஒன்று செய்தியையே தூக்கிவிட்டது. கடை இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியது. தவமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த முகாமுக்கு மைதானம் கேட்கக் கிளம்பிய இந்திராணி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: "ஒருக்கா ஏறுனவளுக்கு மறுக்கா ஏறத் தெரியாதாடா?"