பஸ்ஸருக்குப் போகும் வயர்

"இந்த ஒரு வயர் மட்டும் வேண்டாம் ஆசானே. விட்டுரும்."

கஸ்மீர் சொன்னது, எச்சரிக்கைச் சத்தம் போடும் பஸ்ஸருக்குப் போகும் வயரை.

பழைய மோட்டார் சூடேறி இறுகிப்போனதால் அவன் வள்ளத்துக்குப் புது மோட்டார் வந்திருந்தது. மீட்டர், சாவி, கியர் என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்தார் மெக்கானிக் வில்பிரட். கஸ்மீரைவிட இளையவர்தான். ஆனாலும் கடற்கரையே அவரை ஆசான் என்றுதான் கூப்பிடும். வயர் வேலையைத் தானும் படித்துக்கொள்ள வேண்டும் என்று கஸ்மீர் கூடவே குந்தியிருந்தான்.

"ஏன் வேண்டாம்?"

"மோட்டார் கொஞ்சம் சூடானா போதும், காது கிழியக் கத்தும். மனுசனுக்கு நிம்மதியே கிடையாது."

"பழைய மோட்டார்லயும் இருந்துச்சே?"

"அறுத்து விட்டுட்டேன்."

ஆசான் நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம்?"

"அப்புறம் சத்தமே இல்ல. ஜோரா ஓடிச்சு."

"எதுவரைக்கும்?"

அந்த மோட்டார் நடுக்கடலில் நின்றுபோய், கஸ்மீரின் வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்த கதை ஊருக்கே தெரியும்.

ஆசான் பாட்டுக்கு அந்த வயரையும் இணைத்தார்.

"சாவியைத் திருப்பும்."

திருப்பினான். பஸ்ஸர் ஒரு தடவை கத்தி நின்றது.

"ஐயோ, இன்னும் ஸ்டார்ட்கூடப் பண்ணலையே! அதுக்குள்ள என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல. நான் உயிரோட இருக்கேன்னு சொல்லுது. சாவியைத் திருப்பினதும் இந்தச் சத்தம் வரணும். வரலேன்னா வள்ளத்தை இறக்கக் கூடாது."

"என்ன ஆசானே நீரு! சத்தம் இல்லேன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னுதானே அர்த்தம்?" கஸ்மீர் சிரித்தான். "எங்க வீட்டையே பாரும். மெற்றில்டா வாய் உமக்குத் தெரியாததா? பிந்தி வந்தா ஏச்சு, சோறு மிச்சம் வச்சா ஏச்சு. ஈஸ்டருக்கு முன்னாடி ஒருநாள் தெருவுல எல்லாரும் பார்க்க, 'வாயை மூடுட்டி'ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். அதோட சரி. இப்போ ஒரு வார்த்தை கிடையாது. கட்டினவள்னா இப்படியில்லா இருக்கணும்!"

ஆசான் சிரிக்கவில்லை. குனிந்து, இணைத்த பஸ்ஸர் வயரை உருவினார்.

"இப்போ திருப்பும்."

திருப்பினான். சத்தம் வரவில்லை.

"மோட்டார் நல்லாயிருக்கா, ஓய்?"

கஸ்மீர் சாவியைப் பிடித்தபடியே நின்றான். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"ஆசானே, நான் அப்படியே வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்."

"போம்," என்றார் ஆசான்.

வீட்டுக்குப் போனவன் கையைக் கழுவவில்லை. அப்போதுதான் வெளுத்து விரித்திருந்த வெள்ளைப் போர்வையில் கிரீஸ் கையை நன்றாகத் துடைத்தான். துடைத்துவிட்டுக் காத்து நின்றான்.

மெற்றில்டா பார்த்தாள். போர்வையை உருவிக் கொண்டுபோய் வாளியில் முக்கினாள்.

"சோறு போடட்டா?" என்றாள்.

கடலில் மோட்டார் நின்றபோதுகூட கஸ்மீர் இப்படிப் பயந்ததில்லை. வாளிக்குப் பக்கத்தில் போய், ஈரத்தரையிலேயே உட்கார்ந்தான்.

"ஏசுட்டி."

அவள் போர்வையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"மெற்றில்டா, ஒரே ஒரு வார்த்தை. உன்னைக் கும்பிடுதேன், ஏசிரு."

கசக்கிய கை நின்றது.

"எந்த வருசத்துல இருந்து தொடங்க?" என்றாள்.