சத்தம் குறைந்த நேரங்கள்

காலை ஒன்பது மணிக்கு வீரபாகு மடத்துக்குள் நுழைந்தார். கையில் ஒரு துணிப்பை. சொர்ணத்தம்மாள் அன்னதானக் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து, வீரபாகுவுக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் நாலு வருடமாக இவருக்கு அவர்தான் குரு.

"அம்மா, எனக்குச் சந்நியாசம் கொடுத்துருங்க."

"உக்காருங்க ஐயா. முதல்ல இதை உரிங்க."

உட்கார்ந்தார். உரித்தார். கண் எரிந்தது.

வீரபாகு பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது, ஏன் லேட்டு என்று எழுதி எழுதியே காலம் போனது. ரிட்டயர் ஆன பிறகு எழுத வண்டி இல்லை. பெண்டாட்டி இருந்தாள்.

"வீட்டுல என்ன?" என்றார் அம்மா.

"சண்முகவடிவு சரியில்லம்மா."

"உடம்புக்கா?"

"உடம்பு இல்ல. நடத்தை." வெங்காயத்தைக் கீழே வைத்தார். "எந்நேரமும் ஃபோனை நோண்டுறா. யாருக்கோ என்னவோ எழுதுறா. எழுதி முடிச்ச அடுத்த நொடி டிவி சத்தம் தானாக் குறையுது. ரிமோட் என் கையில! அவளும் தொடல, நானும் தொடல. பிறகு எப்படிக் குறையும்?"

"குறைஞ்சா?"

"என் முகத்தைப் பார்ப்பா. நான் கவனிக்கிறேனான்னு வேவு பார்க்கிறா. எவனோ பதில் போடுறான், அது காதுல விழணும்னு டிவியில ஏதோ வேலை பண்ணி வச்சிருக்கா. தீபாவளிக்கு வந்தப்போ எங்க கோமதி டிவியப் போட்டு அழுத்திக்கிட்டே இருந்தா. ஆத்தாளும் மகளும் கூட்டு!"

"மக உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்னவோ சொன்னா. செய்தி ஓடிக்கிட்டு இருந்துது."

"வீட்டம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"அவ எங்கம்மா பேசுறா? எட்டு மாசமாச்சு. ஒருநாள் செய்தி நேரத்துல வந்து தொணதொணன்னா. டிவி ஓடும்போது எங்கிட்ட வாயைத் திறக்காதேன்னேன். அதுலேர்ந்து மகராசி மௌனம்."

"டிவி எப்ப ஓடும்?"

"காலையில காப்பியோட போடுவேன். அது முன்னாலயே தூங்கிருவேன்."

அம்மா இன்னும் இரண்டு வெங்காயம் உரித்துப் போட்டார்.

"சத்தம் குறைஞ்சதும் நீங்க என்ன செய்வீங்க?"

"விடுவேனா? உடனே ரிமோட்டை அழுத்தி முன்னவிட ஜாஸ்தியா வச்சிருவேன். யாரு வீட்டு டிவி!" இதைச் சொல்லும்போது மனுஷனுக்கு ஒரு பெருமை வேறு.

"சந்நியாசம்னா கையில இருக்கிறதையெல்லாம் கீழ வைக்கணும். பையைத் திறங்க."

இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு நோட்டு, ஃபோன். கடைசியாக டிவி ரிமோட்.

"இது எதுக்கு?"

"அவ கையில சிக்கக் கூடாதுல்ல? டிவியைப் போட்டு, முழுச் சத்தமா வச்சிட்டு, இதை எடுத்துட்டு வந்துட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஃபோனைத் திறந்து கொடுங்க." வாங்கிப் பார்த்தார். "அடேயப்பா, நூத்துச் சொச்சம் மெசேஜ் பார்க்காமக் கிடக்கு?"

"டிப்போ ஆளுங்க காலை வணக்கம்னு பூப்படம் போடுவானுங்க. அதை எவன் பார்ப்பான்? ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கும்."

"நோட்டுல என்ன?"

"சத்தம் குறைஞ்ச நேரமெல்லாம் எழுதி வச்சிருக்கேன். ஆதாரம் வேணும்ல?"

"வாசிங்க."

வீரபாகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிப்போ குரலில் வாசித்தார். "பன்னிரண்டாம் தேதி. பகல் 11.20. சத்தம் குறைந்தது."

அம்மா ஃபோனைப் பார்த்து வாசித்தார். "பன்னிரண்டாம் தேதி, 11.20. 'முறுக்கு சுட்டு மூடி வச்சிருக்கேன். சூடா இருக்கும்போதே எடுத்துக்கோங்க.'"

"அது யாரு அனுப்பினது?"

"சண்முகவடிவு. அடுத்ததை வாசிங்க."

"பதினாலாம் தேதி. மாலை 4.40. சத்தம் குறைந்தது." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"4.40. 'கண்ணுல புரையாம். வெள்ளிக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கார். தனியாப் போக பயமா இருக்கு. கூட வர்றீங்களா?'"

வீரபாகு அடுத்த வரியை வாசிக்கவில்லை. அம்மா நோட்டை வாங்கி அவரே வாசித்தார்.

"வெள்ளி. புறப்பாடு 9.50. வருகை 12.15. காரணம்." அதற்கு நேரே ஒரு பெரிய கேள்விக்குறி, இரண்டு தடவை அழுத்திப் போட்டது.

"நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போனாம்மா," என்றார் வீரபாகு மெதுவாக. "அதான் நான்…"

"மக அனுப்பினதும் இருக்கு. தீபாவளிக்கு மறுநாள். 'அப்பா, அம்மா உங்ககிட்டப் பேசவே பயப்படுறாங்க. அவங்க உங்களுக்கு மெசேஜ் போட்டா டிவி சத்தம் தானாக் குறையிற மாதிரி உங்க ஃபோனோட சேர்த்து வச்சிருக்கேன். குறைஞ்சா ஃபோனைப் பாருங்க.'"

வெங்காயம் உரிக்கிற இடம் நல்லதாய்ப் போயிற்று. கண்ணைத் துடைத்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இத்தனை நாளும் அவள் பார்த்தது வேவு இல்லை. பதிலுக்காகப் பார்த்திருக்கிறாள்.

கூடம் அமைதியாக இருந்தது. அப்போது ஃபோனில் 'டிங்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அதை அவர் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மா ஃபோனை அவரிடமே நீட்டினார். வீரபாகு எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார்.

"'நாளைக்குக் கண் ஆபரேஷன். நீங்க வராட்டியும் பரவாயில்ல. காலையில சாப்பிடாமப் போயிட்டீங்க. எங்க இருந்தாலும் சாப்பிட்டுருங்க.'"

கட்டைவிரலை எழுத்துகள் மேல் கொண்டுபோனார். எந்த எழுத்தைத் தொடுவது என்று தெரியவில்லை.

"அம்மா, இதுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?"

சொர்ணத்தம்மாள் ரிமோட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எழுத வேணாம் ஐயா. போய் டிவியை அணைங்க."