சாவில்லாத நாட்டில் காலியிடம்

கொன்றைநாட்டு அரசர் சேந்தமாறருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்தது. விழுந்தது ஒரே பல்தான். ஆனால் அரசர் அன்றே பாதி செத்துப்போனார். "இன்று பல் போயிற்று. நாளைக்கு எது போகும்?" என்று கேட்டுக் கேட்டு அரண்மனை வைத்தியரின் உயிரை வாங்கினார்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சுவர்ணகிரியார் என்றொரு புலவர். நல்ல பட்டு, நல்ல குரல், நல்ல தொந்தி. தாம் நேரிலேயே போய்விட்டு வந்ததாகச் சொல்லி, அமரதீபம் என்ற நாட்டைப் பற்றி ஆயிரம் பாட்டு எழுதி வைத்திருந்தார். அங்கே சாவு கிடையாது. மூப்பு கிடையாது. பசி, நோய், பயம் எதுவுமே கிடையாது. ஆறுகளில் பால் ஓடும். அதில் ஏடுகூடப் படியாது.

அரசர் திறந்த வாயை மூடவில்லை. "அங்கே எப்படிப் போவது?" என்றார்.

"நம் பெரிய ஏரியின் அடியில்தான் அதன் கதவு இருக்கிறது. கரையை வெட்டித் தண்ணீரை வெளியேற்றினால் தெரியும். தாங்கள் உள்ளே நடந்து போகலாம். நாட்டை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். முத்திரை மோதிரத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்."

பௌர்ணமியன்று கரையை வெட்டுவது என்று உத்தரவாயிற்று.

அந்த ஏரியை நம்பி ஏழு ஊர்கள் இருந்தன. நெல்லோ அப்போதுதான் பால்பிடித்திருந்தது. ஊர்க்காரர்கள் அலறியடித்துக்கொண்டு அரசவைக்கு வந்தார்கள். பேச்சாயி என்ற உழவச்சிதான் துணிந்து வாய் திறந்தாள்.

"சாமி, இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சாத்தான் கதிர் முத்தும். கரையை வெட்டிட்டா நாங்க புள்ளைகுட்டியோட பட்டினி கெடந்து சாக வேண்டியதுதான்."

"நான் சாகாமல் இருக்க வேண்டாமா? நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்றார் அரசர் பெருந்தன்மையாக. "நான் அமரனாகிவிட்டால் உங்களை என்றென்றைக்கும் காப்பாற்றுவேனே!"

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார்? விகடர் உலகப்பர்தான்.

அரசருக்கு மூக்கு சிவந்தது. "உலகப்பரே, சிரிக்கிறீரா? அமரதீபம் பொய் என்று இப்போதே நிரூபியும். முடியாவிட்டால் பௌர்ணமியன்று கரையில் முதல் வெட்டு நீர்தான் வெட்ட வேண்டும்."

உலகப்பர் பேச்சாயியைப் பார்த்தார். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனால் குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பொய்யா? யார் சொன்னது? புலவர் பாடியதில் ஒரு வரி விடாமல் நம்புகிறேன் அரசே. தங்களோடு நானும் வரலாம் என்றிருக்கிறேன். புது இடம் அல்லவா? அதனால் சில சந்தேகங்கள்."

"தாராளமாகக் கேளும்" என்றார் சுவர்ணகிரியார்.

"அமரதீபத்துக்கு அரசர் உண்டா?"

"உண்டு. அமரேசர். பத்தாயிரம் கோடி ஆண்டுகளாக ஆள்கிறார்."

"உடம்பு நன்றாக இருக்கிறதா?"

"சாவில்லாதவர் ஐயா! இரும்பு போல இருக்கிறார்."

"அப்படியானால் அரசர் பதவி காலியில்லை. அமைச்சர்?"

"நூறு பேர். எல்லோரும் முதலிலிருந்தே இருப்பவர்கள்."

"வாயிற்காவலன்?"

"அவனும்தான்."

"விளக்கேற்றுபவன்?"

"ஆமாம் ஐயா, அவனும்தான்!"

உலகப்பர் அரசர் பக்கம் திரும்பினார். "அரசே, அங்கே யாரும் சாவதில்லை. ஆகவே எந்த இடமும் காலியாவதில்லை. தாங்கள் போய் என்னவாக இருக்கப்போகிறீர்கள்?"

அரசர் தாடியைச் சொறிந்தார். சுவர்ணகிரியார் குறுக்கே பாய்ந்தார். "அமரேசர் தம் சிம்மாசனத்தில் பாதியைக் கொடுப்பார்!"

"கொடுக்கட்டும். யாரை ஆள்வது? அங்கே பசியும் இல்லை, பயமும் இல்லை, சாவும் இல்லை என்கிறீர். பசிக்காதவன் எதற்காக அரசரிடம் கை நீட்டுவான்? தலை போகாது என்று தெரிந்தவன் எதற்காகத் தலை வணங்குவான்?"

அவையிலிருந்த அத்தனை தலைகளும் தினமும் குனிந்து பழகியவை. அரசர் அவற்றை முதன்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கடைசியாக ஒன்று புலவரே. அங்கே வரிசை உண்டா?"

சுவர்ணகிரியாருக்குத் தம் பெருமையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. "உண்டு! முதலில் வந்தவர் முன்னே, அடுத்து வந்தவர் பின்னே. என் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது."

"கேட்டீர்களா அரசே? புலவர் தங்களுக்கு மூத்தவர். அவரும் சாகமாட்டார், தாங்களும் சாகமாட்டீர்கள். உலகம் உள்ளவரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்."

அரசர் அந்த முதுகைப் பார்த்தார். நல்ல அகலமான முதுகு.

"இவருக்குப் பின்னாலா? நானா?" என்று சீறியபடி எழுந்தார். "கரையில் எவனும் கை வைக்கக் கூடாது! இந்த ஆளை என்ன செய்யலாம், உலகப்பரே?"

"கோடையில் ஏரி தானாகவே வற்றும் அரசே. அப்போது இவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தூர்வார விடுவோம். கதவு கிடைத்தால் அவரே உள்ளே போகட்டும். கிடைக்காவிட்டால் ஏரியாவது ஆழமாகும்."

சுவர்ணகிரியாரின் தொந்தி ஒரு சுற்று இளைத்ததுபோலத் தெரிந்தது.

பேச்சாயியும் ஊர்க்காரர்களும் படபடவென்று கைதட்டினார்கள். அவர்களைவிடப் பலமாக இன்னொருவர் தட்டினார். அரசரின் வலப்பக்கம் அமர்ந்திருந்த பட்டத்து இளவரசர் நன்மாறர். வயது முப்பத்தாறு. பட்டம் கட்டிப் பதினெட்டு வருடங்களாக இளவரசராகவே இருப்பவர்.

அரசர் புருவத்தை உயர்த்தினார். "விளைச்சல் பிழைத்தது என்று உழவர்கள் கைதட்டுகிறார்கள், சரி. இவன் எதற்காக இந்தத் தட்டுத் தட்டுகிறான்?"

இளவரசரின் கைகள் அந்தரத்தில் நின்றன.

உலகப்பர் பணிவாகச் சொன்னார்: "அவரும் அறுவடைக்குக் காத்திருப்பவர்தானே அரசே!"

அரசர் மகனை முறைத்தார். உலகப்பரை முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடரின் கழுத்தில் போட்டார்.