ஓர் உழக்கு இடம்

வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலம். மழை பொய்த்த ஒரு வருஷம் நெல் குதிர் காலியாகிவிட, ஒரு வீட்டுப் படிக்கு அளக்க வேலையே இல்லாமல் போயிற்று. அவன் பெண்டாட்டி முறம் சும்மா உட்காருகிறவள் இல்லை. துரையின் நெல் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டதும் புருஷனைப் புளி போட்டுத் துலக்கினாள். சர்க்கார் உத்தியோகம் என்றால் சாகிறவரை சோறு என்று சொல்லிக்கொண்டே, கால் படி பிடிக்கும் குழந்தை உழக்கை மடியில் போட்டுக்கொண்டு தானும் கூடப் போனாள்.

வேலை கிடைத்தால் மாரியம்மனுக்கு மாவிளக்கு என்று வேண்டியபடி கிடங்கு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

ஆள் பார்க்கிறவர் பித்தளை முத்திரை. துரையின் மேஜையிலேயே குடியிருப்பதால் தாமும் பாதித் துரை என்று நினைப்பு. முதலில் குடியானவனிடம் வரி நெல்லை அளந்து வாங்கச் சொன்னார். படி தலை தட்டி, விளிம்பு மட்டமாக வாங்கினான். அடுத்து கூலியாட்களுக்கு அளந்து போடச் சொன்னார். படி குவித்துப் போட்டான். வீட்டில் அவனுக்கு அப்படித்தான் பழக்கம்.

முத்திரைக்கு முகம் கோணிற்று. வாங்கும்போது குவிக்கணும், கொடுக்கும்போது தட்டணும், எல்லாம் தலைகீழாகப் படித்திருக்கிறாயே என்றார். ஆனாலும் படியின் பளபளப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

"பரவாயில்லை, பழக்கிவிடலாம். உள்ளே அடியில் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் சரியாகிவிடும். வெளியே தெரியாது. ஓர் உழக்கு இடம் போகும், அவ்வளவுதான்."

ஜன்னலடியில் முறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியில் கிடந்த உழக்கு தூக்கத்துக்குச் சிணுங்கியது. பிறந்ததிலிருந்து அது படுப்பது அப்பாவின் அடிவயிற்றில்தான். வேறெங்கே போட்டாலும் உருண்டுவிடும். பிள்ளை படுக்கிற இடத்தையல்லவா இந்த மனுஷன் கேட்கிறார்!

"ஆத்தா, மாவிளக்கு ரெண்டாப் போடுறேன். இவரைத் தள்ளிவிட்டுரு" என்று அவசரமாக வேண்டுதலைத் திருப்பிப் போட்டாள்.

உள்ளே முத்திரை கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "தகடு வைத்த பிறகு, நீ எவ்வளவு பிடிப்பாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவாய்?"

படி யோசிக்கவே இல்லை. "முக்கால் படி எசமான்."

நீ இந்த உத்தியோகத்துக்கு லாயக்கில்லை, போகலாம் என்ற குரல் கேட்டது.

படி தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தான். "எல்லாம் நல்லாத்தான் போச்சு புள்ளே. கடைசிக் கேள்வியில கவுந்துட்டேன்."

முறம் சிரித்த சிரிப்பில் ஒட்டியிருந்த உமியெல்லாம் பறந்தது. "கவுந்ததுதான் நல்லது. சந்தையில உப்பு அளக்க ஆள் தேடுறாங்க, வாங்க போவோம். முதல்ல பிள்ளையப் பிடிங்க."

உழக்கு உருண்டு அப்பாவுக்குள் விழுந்தது. அது அடி வரைக்கும் போய் 'டொங்'கென்று தட்டிய பிறகுதான் முறத்துக்கு மூச்சே வந்தது.