இலாரையாரும் சுண்ணம் பூசிய எருதும்

ரோமாபுரியின் கப்பிடோலியக் குன்றின்மேல் இடியேந்தி வீற்றிருப்பவர் வானத்து அரசரான ஜூபிடர் பெருமான். அவருடைய கோயில் தொழுவத்தில் சாணம் அள்ளும் அடிமைப் பெண்ணாக இருந்தார் இலாரையார். பலிக்கு வரும் எருதுகளைக் குளிப்பாட்டுவதும் அவர் பணியே. ஒவ்வோர் எருதின் காதிலும், "எங்கய்யாவப் பாக்கப் போற, பயப்படாத" என்று சொல்லித்தான் அனுப்புவார். சந்நிதிக்குள் அடிமைகளுக்கு இடமில்லை. ஆகவே வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார். "சாமி எறங்கி வந்து ஒனக்குச் சாணி அள்ளித் தரப் போறாரா?" என்று உடன் வேலை செய்தோர் சிரிப்பார்கள். அம்மையார் கோபித்ததே இல்லை.

ஓராண்டு மழை பொய்த்தது. கிணறுகள் வறண்டன, குழந்தைகள் தண்ணீரின்றி மடிந்தன. மழை வேண்டிப் பெருமானுக்குப் பலியிட ஊர் கூடி முடிவு செய்தது. அவருக்கு மறுவில்லாத வெள்ளை எருதே ஆகும் என்பது அவ்வூர் வழக்கம். வறட்சியில் மந்தைகள் அழிந்துவிட, கிடைத்ததோ விலாவெங்கும் கரும்புள்ளி கொண்ட ஓர் எருது. கோயில் மணியக்காரர் அதை இலாரையாரிடம் இழுத்து வந்தார்.

"புள்ளியெல்லாம் மறையச் சுண்ணத்தப் பூசு. வெள்ளை மாடுன்னு பூசாரிகிட்டச் சொல்லிட்டேன். ஒரு புள்ளி தெரிஞ்சாலும் நீதான் ஏமாத்துனன்னு சொல்லிச் சுரங்கத்துக்கு அனுப்பிடுவேன்."

"மேலேருந்து பாக்குறவருக்குத் தெரியாதுங்களா, ஐயா?"

"ஊருக்குத் தெரியக் கூடாது. அது போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அடிமைக்கு மறுக்க வாயேது? அழுதுகொண்டே பூசினார். பூசும்போதுதான் அவருக்கு உறைத்தது. மழை வந்தால் சுண்ணம் கரைந்துவிடும். சுரங்கத்துக்குப் போனவர் யாரும் திரும்பியதில்லை. வானம் பொய்த்தால் மட்டுமே அவர் பிழைப்பார்.

மறுநாள் பெண்கள் கூந்தலை விரித்து, வெறுங்காலுடன் குன்றேறி மழைக்காக அழுதார்கள். எருதின் கயிற்றைப் பிடித்தபடி நின்ற இலாரையார் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் வேண்டியது ஒன்றே.

"ஐயா, எம்மேல எரக்கப்பட்டு மழைய நிறுத்திடாதீங்க. பெய்யுங்க."

கொட்டியது மழை. ஊரார் ஆனந்தக் கூத்தாட, எருதின் விலாவிலிருந்து வெண்ணீர் வழிந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. "இவதான் ஏமாத்திட்டா!" என்று மணியக்காரர் அலறினார். காவலர்கள் அம்மையாரின் கையை முறுக்கிப் பிடித்தார்கள்.

அப்போது இடப்பக்க வானில் மின்னல் வெட்டியது. ரோமாபுரியாருக்கு அது நன்னிமித்தம். நனைந்து அணைந்துபோன பலிபீடத்தில் தீ மூண்டு எழுந்தது. இடியினூடே ஒரு குரல் குன்றெங்கும் கேட்டது.

"நீங்கள் மாட்டைக் கொண்டுவந்தீர்கள். என் மகள் தன்னையே கொண்டுவந்தாள். இம்மழை அவள் கேட்டது."

காவலர்களின் கை தளர்ந்தது. தலைமைப் பூசாரி அம்மையாரின் முன் சேற்றில் விழுந்து வணங்கினார். தம்மை அழிக்க வரும் மழையையே வாய்திறந்து கேட்ட இலாரையாரின் திருவடிகள் வாழ்க.