அரைவயிற்று அடிகளுக்குப் படையல்

முள்ளிக்கோட்டை ராஜ்யத்தில் மழை பொய்த்துப்போன சமயம் அது. ஜனங்கள் கஞ்சிக்குப் பறந்தார்கள். அரைவயிற்று மடத்தில் மட்டும் அடுப்பு அணையவே இல்லை.

அது என்ன மடம் என்று கேட்பீர்கள். அரைவயிற்று அடிகள் என்று ஒருவர் அதை உண்டாக்கினார். "பாதி வயிறு உண்பவன் மோட்சம் போவான். மீதிப் பாதியை மடத்தில் கொண்டுவந்து கொட்டினால் அவன் பாட்டனும் பூட்டனும் சேர்ந்து போவார்கள்" என்பது அவருடைய உபதேசம். மோட்சம் இத்தனை மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து மடத்துப் பானையில் போட்டார்கள்.

அடிகள் காலமானதும் தலைமைச் சீடர் குழந்தையடிகள் பட்டத்துக்கு வந்தார். பெயர்தான் குழந்தை. அவர் ஏறினால் பல்லக்குதான் அழும்.

குழந்தையடிகள் ஒருநாள் சீடர் கூட்டத்தோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, வரவர ஜனங்கள் பிடியரிசி போடுவதில்லை. பஞ்சம் என்று சாக்குச் சொல்கிறார்கள். போடாத வீட்டுக்குத் தண்டனை என்று சட்டம் செய்யவேண்டும். குருநாதர் சமாதியில் நித்தியப் படையலுக்கும் ஏற்பாடு வேண்டும்."

மன்னர் முத்துவிசய பூபதி மடத்துப் பக்தர். உடனே தலையாட்டப் போனார். அந்த நேரம் பார்த்து வல்லப்பர் இருமினார்.

வல்லப்பர் மன்னருக்கு யோசனை சொல்கிறவர். அன்று காலை வரும் வழியில், கைக்குழந்தையோடு ஒருத்தி உலையில் போடவிருந்த அரிசியில் ஒரு பிடியை மடத்துப் பானையில் போட்டுவிட்டு, கையில் ஒட்டிய குருணையை நக்கியதைப் பார்த்திருந்தார். அது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"என்ன ஓய் இருமல்?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை மகாராஜா. சட்டம் செய்வதற்கு முன்னால், இந்த நெறியைத் தந்தவர் எப்படிப்பட்டவர் என்று ஒருமுறை விசாரித்துவிட்டால்…"

குழந்தையடிகள் சீறினார். "குருநாதரையா விசாரிப்பது? குருநிந்தை! இவர் வாயிலிருந்து அடிகளைப் பற்றி ஒரு குறைச்சொல் வந்தாலும் நாடு கடத்தவேண்டும்!"

மன்னர் இரண்டு பக்கமும் பார்த்தார். "சரி, விசாரியும் வல்லப்பரே. ஆனால் ஒரு குறை சொன்னீரோ, இன்று பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

வல்லப்பர் தம் வயதை நினைத்துப் பார்த்தார். தலை நரைத்த பிறகு எந்த ஊருக்குப் போய் யார் வாசலில் நிற்பது? ஆனாலும் கவலையை முகத்தில் காட்டவில்லை.

"மகானை நான் குறை சொல்வேனா? முதலில் படையலைத் தீர்மானிப்போம். சுவாமி, நம் வழக்கம் என்ன? போனவர் உயிரோடு இருந்தபோது எதை உண்டாரோ, அதைத்தானே படைக்கிறோம்?"

"ஆமாம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு."

"வேறு எதையாவது படைத்தால்?"

"ஆத்மா தொடாது. பட்டினியாகத் திரும்பிவிடும். மகா பாவம்."

"படைத்ததை யார் சாப்பிடுவது?"

"நாங்கள்தான். குருவின் பிரசாதம் தவிர வேறொன்றும் எங்கள் தொண்டையில் இறங்காது" என்றார் குழந்தையடிகள் பெருமையாக.

"கேட்டீர்களா மகாராஜா! இதையே ஆணையாக எழுதிவிடலாமே."

எழுதியாயிற்று. மன்னர் முத்திரையும் வைத்தார். வல்லப்பர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடிகள் பெரிய தவசி. நாளுக்கு ஒரு வேளைதான் உண்பார். அதுவும் அரைவயிறு. ஆகவே தினம் ஒரு சின்னக் கலயம் கம்பங்கூழ், ஒரு கல் உப்பு. விசேஷ நாளில் அதுவும் கிடையாது, உபவாசம்."

மன்னர் உருகிப்போனார். "ஆகா! அப்படியே ஆகட்டும்."

சீடர்களின் முகம் வெளுத்தது. "ஒரு கலயத்தை இத்தனை பேர் எப்படி ஐயா பங்கு போடுவது?" என்று யாரோ முனகினார்கள். குழந்தையடிகள் எச்சிலை விழுங்கினார்.

"மகாராஜா, கொஞ்சம் நெய்…"

"நெய்யா? சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார் வல்லப்பர். "அடிகள் நெய்யைத் தொட்டிருப்பாரா?"

"தொட்டிருக்கிறார்."

"கூழிலா?"

"பொங்கலில்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. மடைப்பள்ளியில் சமைக்கிற சீடர். "கூழை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விடிந்தால் சர்க்கரைப் பொங்கல். நெய் மிதக்கவேண்டும். முந்திரி குறைந்தால் கரண்டி என் மண்டைக்கு வரும்!"

"பொய்! குருநிந்தை! இவரை நாடு கடத்துங்கள் மகாராஜா!" என்று குதித்தார் வல்லப்பர்.

"பொய்யில்லை" என்றார் இன்னொரு சீடர். "மத்தியானம் வாழையிலையில் பச்சை தெரியாதபடி கறிவகை பரிமாறுவோம். சாயங்காலம் அதிரசம்."

"அதிரசம் இல்லையடா மடையா! சாயங்காலம் பால் பணியாரம். அதிரசம் படுக்கப் போகும்போது."

திருத்தியவர் வேறு யாருமில்லை. குழந்தையடிகளேதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே பசி வரப்போகிறது என்ற பயத்திலேயே பறந்துவிட்டது.

மன்னர் முகம் சிவந்தது. "அப்படியானால் அரைவயிறு அரைவயிறு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தது?"

குழந்தையடிகள் திருதிருவென்று விழித்தார். "அது வந்து… அவர் வயிற்றுக்கு அதெல்லாம் அரைதான், மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை.

"வல்லப்பரே, விசாரணை முடிந்ததல்லவா? அடிகள் எப்படிப்பட்டவர்? நாட்டுக்கு எதை வைத்துவிட்டுப் போனார்? சொல்லும். குறை மட்டும் சொல்லக்கூடாது."

"குறை சொல்ல என்ன இருக்கிறது?" என்று கைகூப்பினார் வல்லப்பர். "அவர் வாக்கு பலித்துவிட்டதே! சொன்னபடியே நாடு முழுவதும் அரைவயிறாகக் கிடக்கிறது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்பதுதான் இதுவரை தெரியாமல் இருந்தது."

மன்னர் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் பிடியரிசி அன்றோடு ஒழிந்தது என்று ஆணையிட்டார். மடத்துக் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்குக் கஞ்சி ஊற்றச் சொன்னார். தம் கையில் இருந்த பொற்கடகத்தைக் கழற்றி வல்லப்பருக்குப் போட்டார்.

குழந்தையடிகளுக்கு இன்னும் ஆசை விடவில்லை. போகிறபோக்கில் வல்லப்பர் பக்கம் குனிந்து, "அப்படியானால் சமாதிக்கு நித்தியப் படையல்?" என்றார்.

"எதற்கு சுவாமி?" என்றார் வல்லப்பர். "சாப்பிட்டுப் போயிருப்பதைப் பார்த்தால், அந்த ஆத்மாவுக்கு இன்னும் ஒரு யுகத்துக்குப் பசியே எடுக்காது."