சிறையில் முளைத்த முடி

கதவு நாதாங்கியை ஆட்டும் சத்தம். மூன்று முறை. கொஞ்சம் பொறுத்து, இன்னும் மூன்று முறை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானத்தில் கேட்டது, இன்னும் நிற்கவில்லை என்றார் சந்தியாகு உபதேசியார்.

சிஸ்டர் எமரன்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உபதேசியாரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மனம் தாங்காத நாட்களில் உபதேசியார் இந்தக் கடற்கரைத் தியான இல்லத்துக்கு வந்து சிஸ்டர் முன்னால்தான் உட்காருவார்.

அன்று நாதாங்கியை ஆட்டியவள் செலஸ்தீனா. அவள் புருஷன் சாகக் கிடந்தான். சாகிறவர் காதில் செபம் சொல்லி அனுப்பிவைப்பது அந்த ஊரில் உபதேசியாரின் வேலை.

அவர் குடித்துவிட்டுப் பாயில் கிடந்தார். சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

செபம் இல்லாமலே அந்த மனிதன் போய்விட்டான்.

அதன்பின் அவர் குடித்ததில்லை. எவர் காதிலும் செபம் சொன்னதுமில்லை. சனிக்கிழமைதோறும் மொட்டை போட்டுக்கொண்டார். வேண்டுதலா என்று கேட்டவர்களிடம், தண்டனை என்றார்.

இன்று காலை செலஸ்தீனாவின் மகள் வாசலில் வந்து நின்றாள். அம்மா சாகக் கிடக்கிறாளாம். பங்குச்சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போய்விட்டாராம். காதில் செபம் சொல்ல உபதேசியார்தான் வரவேண்டும் என்கிறாளாம்.

"என்ன சொல்லி அனுப்புனீங்க?"

"எனக்குத் தகுதியில்லைன்னு. ஆண்டவர் மன்னிச்சாரான்னே தெரியாம எந்த வாயோட போவேன்? ஒரு அடையாளம் வேணும், சிஸ்டர்."

சிஸ்டர் பூச்சியரித்த இலை ஒன்றைத் தள்ளிவைத்தார்.

"சிம்சோன் கதையைச் சொல்லுங்க."

முப்பது வருடம் ஞானோபதேச வகுப்பில் சொன்ன கதை. தன் பலமெல்லாம் தலைமுடியில் இருக்கிற ரகசியத்தை அவன் ஒரு பெண்ணிடம் உளறியது, எதிரிகள் தலையைச் சிரைத்தது, கண்ணைப் பிடுங்கியது, சிறையில் மாவரைக்க விட்டது. கடைசியில் தூண்களுக்கு நடுவில் நின்று செபித்தான், ஆண்டவர் கேட்டார், பலம் திரும்பியது என்று முடித்தார்.

"ஒண்ணை விட்டுட்டீங்களே. முடி எப்ப முளைச்சுது?"

யோசித்தார்.

"சிறையில."

"செபிச்சது?"

"அதுக்கு அப்புறம். ரொம்ப அப்புறம்."

"முளைச்சப்ப அவன் என்ன செஞ்சுகிட்டிருந்தான்?"

"மாவரைச்சுகிட்டிருந்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது, சிஸ்டர். கண்ணுதான் இல்லையே."

சிஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய வலக்கையை எடுத்தார். அவர் தலைமேலேயே வைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆறு நாள் முடி. தேங்காய் நார்போலக் குத்தியது.

வெகுநேரம் உபதேசியார் கையை எடுக்கவில்லை.

பிறகு, பிடிகொடுக்காத பிள்ளையைப்போல, "நாளைக்குச் சனிக்கிழமை. மொட்டை போட்டுருவேன்" என்றார்.

"போடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் மறுபடி ஆரம்பிச்சிருவார்."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து கண் நிறைந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சுடுமணலில் இறங்கி நடந்தார்.

செலஸ்தீனா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

ஆனாலும் அவர் நாதாங்கியை மூன்று முறை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மூன்று முறை.

"கேக்குது. உள்ள வாரும், உபதேசியாரே" என்றது உள்ளேயிருந்து ஒரு தேய்ந்த குரல்.

செலஸ்தீனா அன்று பொழுது சாயும்போது இறந்தாள். செபம் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான்.